கிராஃபிக் டிசைன் வகுப்பில் வெட்டும் இயந்திரத்துக்கு என்ன வேலை?

2025 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில், அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாங்களே பொருள்களைச் செய்து பார்த்துக் கற்கும் பட்டறைகள், அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2016-இல் தொடங்கிய திட்டம் இது, ஏற்கெனவே நாடு முழுக்க சுமார் 10,000 பள்ளிகளில் இந்த லேப் இருக்கிறது. லேப் என்றதும் ரோபோ, சென்சார், 3டி பிரின்டர் என்றுதான் எல்லோர் நினைப்பும் போகிறது. அதே இடத்தில் கிராஃபிக் டிசைனும் சொல்லித்தரலாம் என்று சொன்னால் பலருக்குக் குழப்பம். போஸ்டர் போடுவதும் லோகோ வரைவதும் கம்ப்யூட்டரில் முடிகிற வேலைதானே, அதற்கு எதற்கு லேசரும் கட்டரும்? பிள்ளைக்கு கேன்வா என்ற ஆன்லைன் டிசைன் தளத்தில் ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. திரையில் மட்டும் டிசைன் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, தன் வரைபடத்தில் உள்ள கோடு உண்மையில் என்னவாக இருக்கிறது என்று கடைசிவரை தெரியாமலே போக வாய்ப்பு அதிகம். வெட்டும் இயந்திரம் அதை முதல் வகுப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஏன், எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் இயந்திரங்கள்

டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் என்றால் கணினியில் உள்ள வரைபடத்தை நேராக ஒரு இயந்திரத்துக்கு அனுப்பி, அதைக் கையில் பிடிக்கிற பொருளாக எடுப்பது. பள்ளி அளவில் நான்கு இயந்திரங்கள் தெரிந்தால் போதும்.

1. ஸ்டிக்கர் கட்டர். பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பிளேடு. பின்பக்கம் பசை தடவிய வினைல் ஷீட்டில் மேல் அடுக்கை மட்டும் வெட்டும், அடியில் உள்ள தாளை விட்டுவிடும். வண்டி நம்பர் பிளேட், கடைக் கண்ணாடி எழுத்து எல்லாம் நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் இதில்தான் வெட்டுகிறார்கள்.

2. லேசர் கட்டர். வலுவான ஒளிக்கற்றையால் அட்டை, பிளைவுட், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), அக்ரிலிக் ஆகியவற்றை எரித்து வெட்டும், மேற்பரப்பில் பொறிக்கவும் செய்யும்.

3. 3டி பிரின்டர். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக ஏற்றும். வழக்கமான முனையின் துளை 0.4 மில்லிமீட்டர், ஒரு அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர்.

4. சிஎன்சி ரூட்டர். சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும். பெரும்பாலான பள்ளிகளுக்கு இது தேவைப்படாது.

இந்த நான்குக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. எதற்குமே படம் தெரியாது. வெட்டும்போது கட்டருக்கும் லேசருக்கும் தெரிந்ததெல்லாம் இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்கிற பாதை மட்டும்தான்.

படம் வேறு, பாதை வேறு

கணினியில் வரைபடம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ராஸ்டர்: சின்னச் சின்ன நிறக் கட்டங்களின் கூட்டம். மொபைலில் எடுக்கும் போட்டோ, ஜேபிஜி, வாட்ஸ்அப்பில் வரும் லோகோ எல்லாம் இந்த வகை. பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டு படிக்கட்டாக உடையும். இன்னொன்று வெக்டர்: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுகளும். எஸ்விஜி கோப்பு இந்த வகை, எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வேலை செய்வது இப்படித்தான், நம் ஸ்டிக்கர் கடைகளில் பார்க்கும் கோரல்டிராவும் இதே வகை.

வெக்டர் வளைவுகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு கைப்பிடிகள் நீண்டிருக்கும். கைப்பிடியின் நுனி கோட்டின் மேல் இருக்காது, தள்ளி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமலே புள்ளிக்குக் கட்டுப்பட்டு வளைகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. இதற்குப் பெயர் பெசியே வளைவு.

இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பதை டிசைன் வகுப்புகளில் பெரும்பாலும் சொல்வதே இல்லை. 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், சுழலும் வெட்டுமுனையால் உலோகத்தைக் குடையும் மில்லிங் இயந்திரத்தை எண்களால் இயங்கும்படி செய்து காட்டினார்கள். நேர்கோட்டுக்கும் வட்டத்துக்கும் எண் சொல்வது சுலபம், கார் பாடியின் நெளிவுக்கு எப்படிச் சொல்வது? பிரான்ஸில் இந்தச் சிக்கலை இரண்டு பேர் தனித்தனியாகத் தீர்த்தார்கள். சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ 1959-இல் கணக்கைக் கண்டுபிடித்தார், ஆனால் நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960-களில் அதே வளைவைத் தன் வழியில் உருவாக்கி, வரையும் இயந்திரத்தையும் வெட்டும் இயந்திரத்தையும் அதனால் ஓட்டினார், வெளியில் எழுதவும் செய்தார், அதனால் பெயர் அவருக்குப் போனது. அப்புறம் 1984-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக்கான கணினி மொழி வழியாக அது அச்சுக்கும் எழுத்துருவுக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, இன்று ஒவ்வொரு டிசைனரும் வளைவு வரையப் பயன்படுத்தும் பென் டூலின் அடிப்படைக் கணக்கு, கார் பாடியின் நெளிவை இயந்திரத்துக்குச் சொல்வதற்காகப் பிறந்தது. பிள்ளைகள் அந்தக் கருவியை வெட்டும் இயந்திரத்தோடு சேர்த்துக் கற்கும்போது, அது எதற்காக உருவானதோ அந்த வேலையிலேயே அதைப் பார்க்கிறார்கள்.

திரை மறைப்பதை பிளேடு மறைக்காது

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி லோகோ வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிவப்பு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்கிறாள். திரையில் அது ஒரே உருவமாகத் தெரியும், ஏனென்றால் இரண்டும் ஒரே நிறம். கட்டருக்கு நிறம் தெரியாது. இரண்டு வட்டத்தையும் முழுதாக வெட்டும், நடுவில் கண் வடிவத்தில் ஒரு துண்டு தனியாக வந்துவிடும். இரண்டையும் யூனியன் கொடுத்து ஒரே பாதையாக்க வேண்டும் என்று அப்போதுதான் புரியும். இன்னொருவன் பிடிக்காத ஒரு பகுதியை வெள்ளைக் கட்டம் போட்டு மறைத்திருப்பான். பிளேடு மறைத்த பகுதியையும் வெட்டும், அந்த வெள்ளைக் கட்டத்தையும் சேர்த்து வெட்டும். இப்படி வீணாகும் வினைல் சில சென்டிமீட்டர்தான், பாடம் மனதில் நிற்கும். இதையே போர்டில் எழுதிப்போட்டு ஒரு மணி நேரம் விளக்கினாலும் இந்த அளவு பதியாது.

தமிழ் எழுத்து என்று வந்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. தமிழ்ச்செல்வி என்ற பெயரை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்டிக்கராக வெட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று புள்ளிகள்: ழ், ச், ல். அந்த அளவில் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே அதிகம். வெட்டி முடித்ததும் எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஒரு மூலையிலிருந்து உரித்து எடுப்பார்கள் இல்லையா, அப்போது அந்தக் குட்டிப் புள்ளிகள் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். பெரிய எழுத்துக்கு ஒரு பிரச்சினையும் இருக்காது. அக்ரிலிக்கில் ஒரே துண்டாகப் பெயர்ப்பலகை வெட்டினால் புள்ளி இன்னும் மோசம், பிடிமானமே இல்லாமல் தனியாகக் கழன்று விழும்.

சரி, அதே பெயரை ஸ்டென்சிலாக, அதாவது எழுத்து ஓட்டையாகவும் சுற்றியுள்ள அட்டை மறைப்பாகவும் இருக்கும்படி வெட்டினால்? இப்போது புள்ளிக்கு ஒரு குறையும் இல்லை, அது வெறும் ஓட்டை. ஆனால் ஸ்டிக்கரில் சும்மா இருந்த வேறொன்று கிளம்பும்: வ, ம, க போன்ற எழுத்துகளின் உள்ளே மூடிய இடம் ஒன்று உண்டு, அது பிடிப்பில்லாமல் விழுந்துவிடும். விழாமல் இருக்க சின்னப் பாலம் ஒன்று விட வேண்டும். ட, ப, ர ஆகியவற்றில் மூடிய இடமே கிடையாது, பாலமும் தேவையில்லை.

அதாவது ஒரே பெயர், ஸ்டிக்கரில் ஒரு விதமாகவும் ஸ்டென்சிலில் அதற்கு நேர்மாறாகவும் உடைகிறது. உருவம், பின்புலம் என்று டிசைன் பாடத்தில் வரும் கருத்து இதுதான். புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம் காட்டித்தான் வழக்கமாக இதை நடத்துவார்கள். வெட்டிப் பார்த்த பிள்ளைக்கு எழுத்தின் உள்ளே உள்ள வெற்றிடமும் எழுத்தின் ஒரு பாகம்தான் என்று விளக்கவே வேண்டாம், அது கையில் வந்து விழுந்திருக்கும். அடுத்த கேள்வியும் தானாக வரும்: புள்ளியை எழுத்தோடு ஒட்டவைத்தால் அது ழ் ஆகப் படிக்குமா? பாலத்தை எங்கே விட்டால் வ, வ-வாகவே இருக்கும்? பொருளின் குணம் எழுத்தின் வடிவத்தை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் எழுதியதற்கு, எழுத்தாணி குத்தினால் ஓலை சேதமாகும் என்பதையே காரணமாகச் சொல்வார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெட்டக் கொடுக்கும் முன் எழுத்தைப் பாதையாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வடிவம் மாறிவிடும். பாதையாக்கிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, ஆகவே அதற்கு முன்பே இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர்களுக்கு இவை தாராளம்.

ஒரு கோட்டுக்கு எவ்வளவு அகலம்?

லேசரில் வரும் பாடம் வேறு. திரையில் கோட்டுக்கு அகலம் இல்லை என்று வைத்துக்கொண்டு வரைகிறோம். லேசர் எரித்துக்கொண்டு போகும்போது அந்தக் கோட்டில் உள்ள பொருள் புகையாகப் போய்விடுகிறது. பொருளையும் லென்ஸையும் பொறுத்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை போகலாம்.

இரண்டு எம்டிஎஃப் பலகைகளைச் செருகி மேசைமேல் நிற்கவைக்கும் ஒரு சின்னப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் தடிமன் என்று கடையில் சொல்லி வாங்கிய பலகை, அதனால் 3 மில்லிமீட்டர் அகலத்தில் காடி, அதாவது பலகையைச் செருகும் இடைவெளி, வரைகிறோம். வெட்டு அகலம் 0.2 என்றால், காடியின் இரண்டு பக்கமும் 0.1 கரைந்து அது 3.2 ஆகிவிடும். பலகை ஆடும். போதாததற்கு, 3 என்று விற்ற பலகையை வெர்னியர் காலிபரால் அளந்தால் 2.8 கூட வரலாம். அப்போது இடைவெளி 0.4. இயற்பியல் லேபில் மார்க்குக்காக அளந்த அதே வெர்னியர் இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது. இதற்கு வழி, ஒரு துண்டுப் பலகையில் 2.5, 2.6, 2.7 என்று 3.0 வரை ஆறு காடிகளைச் சீப்பு மாதிரி வெட்டி, எதில் பலகை இறுக்கமாக உட்காருகிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்வது. பொதிகளுக்கான அட்டைப்பெட்டி, கடைப் பலகை, கண்காட்சி அரங்கு என்று வெளியே டிசைனர்கள் செய்யும் பாதி வேலையில் இந்த அளவுக் கணக்கு இருக்கிறது.

சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வது

இவ்வளவு நல்லது என்றால் லேப் இருக்கிற எல்லாப் பள்ளியிலும் நல்ல டிசைன் வந்திருக்க வேண்டுமே? வருவதில்லை. அதன் காரணத்தைத் தெளிவாக எழுதியவர் கல்வி ஆய்வாளர் பாலோ பிளிக்ஸ்டீன்.

பின்னணி சுருக்கமாக: 1998-இல் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட், ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்று ஒரு பாடம் தொடங்கினார். அதிலிருந்து ஃபேப் லேப் என்கிற பொதுப் பட்டறை வந்தது. உலகின் முதல் சில ஃபேப் லேப்களில் ஒன்று, 2002-இல் புணே பக்கம் பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது. கைவேலை வழியாகக் கல்வி என்று 1983-லிருந்து நடத்திவருகிற இடம் அது. பிளிக்ஸ்டீன் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது இந்த யோசனையைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார்.

மாணவர்களுக்கான ஒரு பயிலரங்கில் வெக்டர் வரைவதையும் லேசரையும் அறிமுகப்படுத்த, பெயர் போட்ட சாவிக்கொத்து செய்யச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பிரச்சினை என்னவென்றால், அதற்கப்புறம் அவர்கள் சாவிக்கொத்தை விட்டு நகரவே இல்லை. பெரிய பிராஜெக்ட் என்றால் பாதியில் தோற்கலாம், சாவிக்கொத்து என்றால் சில நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். பின்னே யார் கஷ்டமான வேலைக்குப் போவார்கள்? இதை அவர் சாவிக்கொத்து நோய்க்குறி என்றே 2013-இல் எழுதினார். இயந்திரம் சுமாரான டிசைனையும் சுத்தமாக வெட்டித் தரும், ஆகையால் வெட்டு நேர்த்தியைப் பார்த்து டிசைனைப் பாராட்டிவிடுகிறோம் என்பதே அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

நம் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு விருந்தினர் வந்தால், அவர் பெயரை 3டி பிரின்டரில் எடுத்துக் கொடுப்பதோடு லேபின் வேலை முடிந்துவிடுகிறது என்றால் அதுவும் இதே நோய்தான். தவிர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றாவதுதான் அதிகம் பலன் தரும் என்பது என் கணிப்பு.

1. முதல் பயிற்சியே இன்னொருவருக்காக இருக்கட்டும். தன் பெயரை வெட்டினால் பிடித்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. சத்துணவுக் கூடத்துக்குப் பலகை வெட்டினால், படிக்க முடிகிறதா என்ற கேள்வியும் சேரும்.

2. முடிவுக்கு மட்டும் மார்க் போடாமல் முதல், இரண்டாம், மூன்றாம் வெட்டுகளையும் ஒரு நோட்டில் ஒட்டவைத்து, ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்று எழுதவைத்து அதற்கு மார்க் போடுங்கள்.

3. சோதனையை டிசைனுக்கு வெளியே வையுங்கள். பெயர்ப்பலகை என்றால் பத்து மீட்டர் தள்ளி நின்று, அந்த வகுப்பில் இல்லாத ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் படிக்கச் சொல்ல வேண்டும். பலகை செய்பவர்களிடம் பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு, அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது. ணை, ஞ, இ போல உள்ளே நெளிவு அதிகமுள்ள தமிழ் எழுத்துகளுக்கு அதை அப்படியே எடுக்காமல், தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டித் தூரத்திலிருந்து பார்த்து அளவை முடிவு செய்வதே சரி.

எதில் தொடங்குவது

லேப் அமைத்தால் 3டி பிரின்டர்தான் எல்லோரையும் கவர்கிறது. கிராஃபிக் டிசைனுக்கு அது கடைசியில் வர வேண்டிய இயந்திரம். காரணம் நேரம். ஒரு சின்னப் பொருளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 40 பேருக்கு 80 மணி நேரம், அதாவது ஒரு பருவம் முழுக்க ஆளுக்கு ஒரு வாய்ப்பு. கைக்கடக்கமான ஸ்டிக்கர் வெட்ட மூன்று நிமிடம் போதும், 40 பேருக்கு 120 நிமிடம், மூன்று பீரியடில் முடியும். டிசைன் கற்பது திருத்தித் திருத்திச் செய்வதில் இருக்கிறது, எந்த இயந்திரம் அதிக வாய்ப்பு தருகிறதோ அதுதான் நல்ல ஆசிரியர்.

அதனால் வரிசை இப்படி இருக்கலாம்: முதலில் சார்ட் அட்டையும் கட்டர் கத்தியும், கையால் வெட்டும் ஸ்டென்சில். அடுத்து ஸ்டிக்கர் கட்டர். பிறகு லேசர். இவ்வளவும் ஓடிய பின் தேவை இருந்தால் 3டி. லேசர் வாங்க முடியாத பள்ளி ஊரில் உள்ள கடையில் வெட்டிக்கொள்ளலாம், கடைக்காரர் ஏற்கும்படி கோப்பு தயாரிப்பதே ஒரு பாடம்தான்.

ஏஐ படம் போட்டுத் தருகிறதே?

தருகிறது, ராஸ்டராக. வார்த்தையில் கேட்டால் லோகோ வரைந்து தரும் கருவிகள் பெரும்பாலும் தருவது நிறக் கட்டங்களைத்தான், பாதைகளை அல்ல. மென்பொருளில் டிரேஸ் கொடுத்து, அதாவது படத்தின் விளிம்பைத் தானாகக் கோடாக்கச் சொல்லி, பாதையாக்கலாம், ஆனால் பத்துப் புள்ளியில் முடிய வேண்டிய வளைவுக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி விழும், பிளேடு நடுங்கி நடுங்கிப் போகும், விளிம்பு பிசிறடிக்கும். அதைச் சுத்தம் செய்ய வளைவு தெரிந்த ஆள் வேண்டும். யோசனை தேடவும் பத்து மாதிரி பார்க்கவும் ஏஐயைப் பயன்படுத்தட்டும், வெட்டப்போகும் கோட்டை அவர்களே இழுக்கட்டும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது

லேசரில் வினைலைப் போடவே கூடாது. ஸ்டிக்கர் வினைல், ஃப்ளெக்ஸ் பேனர் இரண்டும் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக். லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தையும் அரிக்கும். ஸ்டிக்கர் கட்டரும் லேசரும் ஒரே அறையில் இருக்கும்போது, மிச்சமான வினைல் துண்டை யாராவது லேசரில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது சகஜம், எனவே இரண்டின் பொருள்களையும் தனித்தனி அலமாரியில் பூட்டி வைப்பது நல்லது. எம்டிஎஃப் புகையும் நல்லதல்ல, வெளியேற்றும் விசிறி கட்டாயம். அக்ரிலிக் தீப்பிடிக்கக்கூடியது, லேசர் ஓடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஆளும் பணமும்

அடல் லேபுக்கு ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் உச்ச நிதி 20 லட்சம் ரூபாய்: அமைக்க 10 லட்சம், 5 ஆண்டு வரை நடத்த 10 லட்சம். இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் பெற்றோர்கள் கேட்க வேண்டும். வினைல் ரோல், பிளேடு, எம்டிஎஃப் பலகை ஆகியவை மாதாமாதம் தீரும் பொருள்கள். அவற்றுக்கென்று தனியாக ஒதுக்காத பள்ளியில், பொருள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைகளை இயந்திரத்தைத் தொடவே விடமாட்டார்கள்.

அடுத்து, லேபை யாரிடம் ஒப்படைப்பது. அறிவியல் ஆசிரியர் அல்லது கணினி ஆசிரியரிடம் சாவி போவது வழக்கம். எழுத்தின் வடிவம், இடைவெளி, அழகு தெரிந்தவர் ஓவிய ஆசிரியர், அவரோ லேபுக்கு வெளியே இருக்கிறார். கணினி ஆசிரியர் கோப்பையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள, ஓவிய ஆசிரியர் வடிவத்தைப் பார்த்துக்கொள்ள, இருவரும் ஒரே பீரியடில் சேர்ந்து இருக்கும்படி டைம்டேபிள் போட்டால் புதிதாக ஆள் எடுக்காமலே இந்த வகுப்பு நடக்கும். அதைப் போட்டுக்கொடுக்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் லேபில் என்னென்ன இயந்திரம் இருக்கிறது என்று கேட்பதைவிட, ஓவிய வகுப்பு வாரத்தில் எத்தனை நாள் லேபில் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.